பேட்லாண்ட்ஸ் முதல் டெவில்ஸ் டவர் வரை: 25 அடி ஆர்.வி.க்கு எந்த முகாம், எந்த நிறுத்தம்?

அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் மேற்குப் பக்கம் ஆர்.வி. (படுக்கை, சமையலறை, கழிவறை உள்ள பயண வண்டி) எடுத்துப் போகிறவர்கள் பார்க்க வேண்டிய இடங்களைத்தான் முதலில் எழுதி வைக்கிறார்கள். இந்தப் பாதையில் முதலில் எழுத வேண்டியது வண்டியின் நீளம். ஸேஜ் க்ரீக் முகாமில் 18 அடிக்கு மேல் அனுமதி இல்லை. சில்வன் ஏரி முகாமுக்கு 27 அடிக்கு மேற்பட்ட வண்டியைப் பரிந்துரைப்பதில்லை. டெவில்ஸ் டவர் ஆற்றங்கரை முகாம் 35 அடி வரை தாங்கும். நீடில்ஸ் ஐ என்ற சுரங்கத்துக்கோ அகலமே 8 அடிதான். வாடகைக்கு அதிகம் கிடைக்கும் 25 அடி 'கிளாஸ் சி' வண்டியை (நடுத்தர அளவு ஆர்.வி. வகை) அளவுகோலாக வைத்து, ஐந்து இரவுப் பாதை ஒன்றின் முகாம்களையும் நிறுத்தங்களையும் கீழே எடை போட்டிருக்கிறது. 30 அடிக்கு மேல் எடுப்பவர்கள் பாதி இடங்களை அடித்துவிட்டுப் படிக்கலாம்.

கட்டணக் கணக்கை முதலில் முடித்துவிடலாம். பேட்லாண்ட்ஸ் தேசியப் பூங்கா வண்டிக்கு 30 டாலர், ஏழு நாள் செல்லும். டெவில்ஸ் டவர் 25. விண்ட் கேவ் பூங்காவுக்குள் நுழையக் கட்டணம் இல்லை, குகைச் சுற்றுக்குத்தான் டிக்கெட். மவுண்ட் ரஷ்மோரில் நுழைவு இலவசம், வண்டி நிறுத்த 10 டாலர், அதற்குத் தேசியப் பூங்கா பாஸ் செல்லாது. கஸ்டர் மாநிலப் பூங்கா, அதனால் அங்கே தனி உரிமச்சீட்டு வாங்க வேண்டும். ஆக இந்த ஒரு பயணத்துக்காக மட்டும் 80 டாலர் தேசியப் பூங்கா ஆண்டு பாஸ் (அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கான விலை) வாங்குவது நஷ்டம். அதே ஆண்டில் இன்னொரு பெரிய பூங்காவும் போவதாக இருந்தால் கணக்கு மாறும்.

சீடர் பாஸ் முகாம், பேட்லாண்ட்ஸ்

ஐ-90 நெடுஞ்சாலையில் எக்சிட் 131இல் இறங்கி, 240ஆம் எண் சாலையில் தெற்கே போனால் பென் ரீஃபல் வரவேற்பு மையம். அதை ஒட்டி 96 இடங்கள். மின்சாரம் உள்ளவை, இல்லாதவை என இரண்டு வகை. குழாய்த் தண்ணீர், ஃபிளஷ் கழிவறை, காசு போட்டுக் குளிக்கும் ஷவர், தனிக் கட்டணத்தில் டம்ப் ஸ்டேஷன் (வண்டியின் கழிவுத் தொட்டியைக் காலி செய்யும் இடம்), இவ்வளவும் உண்டு. இல்லாதது நிழல். சாப்பாட்டு மேசைக்கு மேல் சின்னக் கூரை போட்டிருக்கிறார்கள், வண்டிக்கு ஒன்றும் கிடையாது. ஜூலை, ஆகஸ்டில் நூறு டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டுவது இங்கே சாதாரணம். எனவே கோடையில் மின்சார இடத்துக்குக் கொடுக்கும் காசு வீண் போகாது. அதிலும் சில மாதம் முன்பே பதிந்தால்தான் கிடைக்கும்.

மின்சாரம் கிடைத்ததும் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போடுவதுதான் இங்கே நடக்கும் முதல் தவறு. 30 ஆம்ப் இணைப்பு என்றால் 120 வோல்ட்டில் மொத்தம் 3,600 வாட். கூரை ஏசி ஓடும்போது ஏறக்குறைய 1,500 வாட் இழுக்கும். இன்டக்‌ஷன் அடுப்பை முழு வேகத்தில் வைத்தால் இன்னொரு 1,800. தண்ணீர்ச் சூடாக்கியையும் மின்சாரத்தில் விட்டுவிட்டால் பிரேக்கர் விழாமல் என்ன செய்யும்? சமைக்கும் அரை மணி நேரம் சூடாக்கியைக் கேஸுக்கு மாற்றினால் பிரச்சினை தீர்ந்தது. மின்கம்பத்தில் செருகும் முன் பிரேக்கரை இறக்கிவிட்டுச் செருகவும். இடையில் ஒரு சர்ஜ் புரொட்டக்டர் இருக்கட்டும். இடி மின்னல் அதிகமுள்ள சமவெளி இது.

பேட்லாண்ட்ஸ் முழுக்க விறகுத் தீக்குத் தடை. கேஸ் அடுப்பும் கரி கிரில்லும் மட்டுமே அனுமதி. கேம்ப்ஃபயருக்கென்று விறகுக் கட்டு வாங்கிக்கொண்டு போய் அப்படியே திருப்பிக் கொண்டுவருகிறவர்கள் உண்டு.

காற்றை இங்கே யாரும் போதுமான அளவு எச்சரிப்பதில்லை. மாலையில் மேற்கே கறுத்துக்கொண்டு வந்தால் பத்து நிமிடத்தில் புழுதிக் காற்று, பின்னாலேயே ஆலங்கட்டி. ஆனிங்கை (வண்டியின் பக்கவாட்டு நிழல் விரிப்பை) விரித்துவிட்டு நடக்கப் போனால், திரும்பும்போது அது கூரைமேல் மடிந்து கிடக்கும். வாடகை வண்டியின் காப்பீட்டில் பல நேரம் ஆனிங் சேராது, பத்திரத்தைப் படித்துப் பார்த்துக்கொள்ளவும். வண்டியை விட்டு நகர்ந்தால் ஆனிங்கைச் சுருட்டிவிடுவது என்று வைத்துக்கொண்டால் போதும். இட அமைப்பு அனுமதித்தால் முகப்பை மேற்குப் பக்கம் வைத்து நிறுத்துங்கள். பக்கவாட்டில் காற்று வாங்கும் வண்டி ராத்திரி முழுக்கத் தொட்டில் ஆடும்.

ஆகமொத்தம், அழகுக்கு வராமல் வசதிக்கு வர வேண்டிய முகாம். பக்கத்து வண்டியின் பேச்சுகூடக் கேட்கும். ஆனால் விடியற்காலை ஐந்தரைக்குக் கதவைத் திறந்தால் எதிரே பாறைச் சுவர் முழுவதும் சிவந்துகொண்டிருக்கும். வேறெங்கே தூங்கினாலும் அந்தக் காட்சிக்கு இருட்டில் வண்டி ஓட்டி வர வேண்டியிருக்கும்.

இலவச முகாம்கள்: ஸேஜ் க்ரீக்கும் புல்வெளி விளிம்பும்

ஸேஜ் க்ரீக் முகாமுக்குக் கட்டணம் இல்லை, முன்பதிவு இல்லை, தண்ணீரும் இல்லை. குழிக் கழிவறையும் மேசைகளும் மட்டுமே. பைசன் (அமெரிக்கக் காட்டெருது) மந்தை முகாமுக்குள்ளேயே மேய்ந்துவிட்டுப் போகும். 18 அடி வரம்பைத் தாண்டினால் உள்ளே இடமில்லை என்பதால் கேம்பர் வேன்காரர்களுக்குத்தான் இது சொர்க்கம். 25 அடி வண்டிக்கு, முகாமுக்குப் போகும் மண் சாலை பகல் நேரச் சுற்றுக்குத்தான் உதவும், அதுவும் வாடகை ஒப்பந்தம் தார் போடாத சாலையை அனுமதித்தால். பெரும்பாலான ஒப்பந்தங்கள் அனுமதிப்பதில்லை.

வால் (Wall) என்ற ஊருக்குத் தெற்கே, பூங்காவின் பினாக்கிள்ஸ் வாசலுக்குச் சற்று முன்னால், பஃபலோ கேப் தேசியப் புல்வெளியின் விளிம்பில் நிறுத்துவதுதான் இப்போது எல்லோரும் படம் போடும் இடம். வனத்துறை நிலம், 14 நாள் வரை இலவசம், வசதி என்று ஒன்றுமே கிடையாது. பாறை விளிம்பில் வண்டியை நிறுத்திவிட்டு உட்கார்ந்தால் கீழே பேட்லாண்ட்ஸ் முழுதும் தெரியும். படத்தில் தெரியாதது தரை. இந்த மண்ணில் பெண்டோனைட் களிமண் கலந்திருக்கிறது. எரிமலைச் சாம்பலிலிருந்து வந்த இந்தக் களிமண் தண்ணீர் பட்டால் உப்பி வழுக்கும். உள்ளூரில் 'கம்போ' என்கிறார்கள். காய்ந்திருக்கும்போது சிமெண்ட் தரை போல இருக்கும் அதே பாதை, அரை மணி நேர மழைக்குப் பிறகு டயரின் பள்ளம் முழுவதையும் அடைத்துவிடும். அப்புறம் சுழல்வது மழமழ உருளைதான். 12,000 பவுண்டு வண்டி லேசான சரிவில் பக்கவாட்டில் நழுவுகிறது, பக்கத்திலேயே விளிம்பு. மழை முன்னறிவிப்பில் இருந்தால் அங்கே போகாதீர்கள். போன பிறகு பெய்தால் நகர்த்தாதீர்கள். வெயிலும் காற்றும் வந்தால் ஒரு பகலில் பெரும்பாலும் இறுகிவிடும், ஆகவே ஒரு நாள் கூடுதல் தண்ணீரும் சாப்பாடும் கையிருப்பில் இருக்கட்டும். விளிம்பிலிருந்து குறைந்தது இரண்டு வண்டி நீளம் தள்ளி நிறுத்துங்கள். ஓரம் அரிந்துகொண்டே இருக்கும் மண் அது. பேட்லாண்ட்ஸ் ஆண்டுக்கு ஏறக்குறைய ஓர் அங்குலம் கரைகிறது என்பது பூங்காத் துறையின் கணக்கு.

மின்சாரம் இல்லாத இரவில் ஜெனரேட்டரை நம்புகிறவர்களுக்கு ஒரு விஷயம். கிளாஸ் சி வண்டியில் ஜெனரேட்டர் பெட்ரோலை எஞ்சின் டேங்கிலிருந்துதான் எடுக்கும், ஆனால் அதன் குழாய் கால் டேங்க் உயரத்தில் நின்றுவிடும். காட்டில் மாட்டிக்கொள்ளாமல் இருக்கச் செய்த ஏற்பாடு. கால் டேங்குக்குக் கீழே போனதும் ஜெனரேட்டர் கிளம்பாது, அதைப் பழுது என்று நினைத்து ராத்திரியில் வண்டியை வாடகைக்கு விட்டவரை எழுப்புகிறார்கள். எக்சிட் 110இல் வால் ஊரிலேயே டேங்கை நிரப்பிக்கொண்டு போவது நல்லது.

வளைவுச் சாலையும் அதைச் சுற்றிய நிறுத்தங்களும்

240ஆம் எண் சாலை எக்சிட் 131க்கும் 110க்கும் இடையே ஏறக்குறைய 39 மைல். முழுக்கத் தார், ஆர்.வி.க்குச் சிக்கலே இல்லை. டோர், விண்டோ, நாட்ச் மூன்று நடைபாதைகளும் ஒரே நிறுத்துமிடத்திலிருந்து கிளம்புகின்றன. பேருந்து அளவு இடங்கள் அங்கே குறைவு, காலை எட்டுக்குள் போய்விட வேண்டும். நாட்ச் பாதை போக வர ஒன்றரை மைல், நடுவில் மரக்கட்டை ஏணி ஒன்று செங்குத்தாக ஏறுகிறது. ஏறும்போது பயப்படாதவர்கள் இறங்கும்போது நின்றுவிடுவார்கள், பின்னால் வரிசை கட்டும். மழைக்கு மறுநாள் இதைத் தவிர்க்கவும். ஃபாசில் (புதைபடிவ) பாதை கால் மைல்தான். சும்மா கண்காட்சிப் பலகை என்று தாண்டிப் போக வேண்டாம், 2010இல் வரவேற்பு மையத்துக்குப் பக்கத்திலேயே ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி கத்திப்பல் விலங்கின் மண்டையோட்டைக் கண்டுபிடித்த பூங்கா இது. யெல்லோ மவுண்ட்ஸ் பகுதிக்கு மாலை நான்கு மணிக்கு மேல் போனால்தான் மஞ்சளும் ஊதாவும் பிரிந்து தெரியும். நடுப்பகலில் எல்லாம் வெளுத்த சாம்பல்.

எக்சிட் 131இலேயே மினிட்மேன் ஏவுகணை வரலாற்றிடத்தின் வரவேற்பு மையம் இருக்கிறது, இலவசம். எக்சிட் 127இல் டெல்டா-01 கட்டுப்பாட்டு அறை, 116இல் டெல்டா-09 ஏவுகுழி. கட்டுப்பாட்டு அறைக்குள் இறங்க முன்பதிவு கட்டாயம். கிழக்கிலிருந்து வருகிறவர்கள் இங்கே ஒரு கோட்டை விடுகிறார்கள். தெற்கு டகோட்டாவின் நடுவில் நேர மண்டலம் மாறுகிறது, இந்தப் பகுதி மவுண்டன் நேரம். வண்டி டாஷ்போர்டு கடிகாரம் தானாக மாறாது.

வால் டிரக் (Wall Drug) கடையைப் பற்றிச் சாலை நெடுக நூற்றுக்கணக்கில் விளம்பரப் பலகைகள். 1931இல் டெட் ஹஸ்டெட் வாங்கிய சின்ன மருந்துக்கடை. இலவச ஐஸ் தண்ணீர் என்று 1936இல் பலகை வைத்த பிறகு கூட்டம் நிற்கவே இல்லை. இன்றும் ஐஸ் தண்ணீர் இலவசம், காபி ஐந்து சென்ட். அந்தக் காபி ஐந்து சென்ட்டுக்கு ஏற்றபடிதான் இருக்கிறது. டோனட் நன்றாக இருக்கும், அதுவும் காலையில். பின்பக்கத் தெருவில் ஆர்.வி. நிறுத்த இடம் உண்டு, முன் தெருவில் நுழையவே வேண்டாம். முக்கால் மணி நேரம் போதும்.

கஸ்டர்: கேம் லாட்ஜ் முகாம்

பாதையின் சிறந்த முகாம் இதுதான். கஸ்டர் மாநிலப் பூங்காவின் முகாம்களை ஓராண்டு முன்பே பதியலாம். கோடை வார இறுதிகள் திறந்த அன்றே போய்விடும், திங்கள் முதல் வியாழன் வரை தேடினால் வாய்ப்பு அதிகம். கிரேஸ் கூலிட்ஜ் ஓடையை ஒட்டி மர நிழல், மின்சாரம், ஷவர், டம்ப் ஸ்டேஷன். இடத்திலேயே தண்ணீர், கழிவு இணைப்பு கிடையாது. பக்கத்திலுள்ள விடுதியில்தான் 1927 கோடையில் அதிபர் கால்வின் கூலிட்ஜ் தங்கியிருந்து ஆட்சி நடத்தினார்.

பூங்காவில் ஆயிரத்துக்கும் மேல் பைசன்கள். முகாமுக்குள்ளும் வரும். ஒரு கிழட்டுக் காளை மின்கம்பத்தில் முதுகு தேய்த்துக்கொண்டு நின்றால் வண்டிக்குள் இருந்தபடி பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. நூறு கஜம் இடைவெளி என்பது விதி. வால் தொங்கி ஆடும் வரை கவலை இல்லை, தூக்கி நின்றால் மெல்லப் பின்வாங்க வேண்டும். 18 மைல் விலங்குச் சுற்றுச் சாலை தார்ச் சாலை, ஆர்.வி. போகலாம். விடியலிலும் அந்தி சாயும் நேரத்திலும்தான் மதிப்பு. கழுதைகள் ஜன்னலுக்குள் தலையை நீட்டும்.

வண்டி போகக் கூடாத இரண்டு சாலைகள் இங்கே இருக்கின்றன. ஜி.பி.எஸ். இரண்டிலும்தான் அனுப்பும். நீடில்ஸ் நெடுஞ்சாலையில் மேலே சொன்ன 8 அடிச் சுரங்கம். 25 அடி வண்டி கண்ணாடி இல்லாமலே 8 அடிக்கு மேல் அகலம், ஏசியோடு 11, 12 அடி உயரம். கேம் லாட்ஜிலிருந்து கீஸ்டோனுக்குப் போகும் அயர்ன் மவுண்டன் சாலையில் ஒற்றை வண்டிச் சுரங்கங்களும், தன்னைத்தானே சுற்றி ஏறும் மரப் பாலங்களும், 300க்கு மேல் வளைவுகளும். பூங்காவின் அறிவிப்பில் ஒவ்வொரு சுரங்கத்தின் அளவும் இருக்கும், வாடகை வண்டியின் உயரம் ஓட்டுநர் இருக்கைக்கு மேலே ஒட்டியிருக்கும். இரண்டையும் பார்க்காமல் கிளம்பக் கூடாது. மவுண்ட் ரஷ்மோருக்கு 16ஏ வழியாக மேற்கே கஸ்டர் ஊருக்குப் போய், 385இல் வடக்கே ஏறி, 244இல் திரும்புவது சுற்றுதான், ஆனால் சுரங்கம் இல்லை. அந்த இரண்டு அழகுச் சாலைகளையும் விட மனமில்லாதவர்கள் ஒரு நாளைக்குக் கார் வாடகைக்கு எடுக்கலாம். செலவைக் கேட்டுத் தயங்குகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது, இந்தப் பயணத்தின் மிகச் சிறந்த 31 மைல் அவைதான்.

மவுண்ட் ரஷ்மோருக்கு ஒன்றரை மணி நேரம். 1927 முதல் 1941 வரை செதுக்கிய, 60 அடி உயர நான்கு அதிபர் முகங்கள். காலை வெயில் முகத்தில் நேராக விழும், மதியத்துக்குப் பிறகு நிழல் படிந்துவிடும். பெரிய வண்டிகளுக்குத் தனி நிறுத்துமிடம் உண்டு.

விண்ட் கேவ் பூங்காவின் எல்க் மவுண்டன் முகாம், கேம் லாட்ஜ் கிடைக்காதவர்களுக்கு நல்ல மாற்று. மின்சாரம் இல்லை, கோடையில் குடிநீர் உண்டு, கூட்டம் குறைவு. குகைக்குள் வெப்பம் 54 டிகிரி ஃபாரன்ஹீட், ஸ்வெட்டர் வேண்டும். கூரையில் தேன்கூடு போலத் தொங்கும் பாக்ஸ்வர்க் படிமம் வேறெந்தக் குகையிலும் இவ்வளவு இல்லை. லிஃப்ட் பழுதாகிக் குகைச் சுற்று நிற்பது இங்கே வழக்கம் என்பதால் அன்று காலை பூங்காவின் இணையதளத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

தொட்டி விஷயம்

இந்தப் பாதையின் பொதுப் பூங்கா முகாம்கள் எதிலும் இடத்திலேயே கழிவு இணைப்பு இல்லை. எனவே தண்ணீரைச் சேமிக்கிறேன் என்று எல்லோரும் கழிவறையில் ஒரு கரண்டித் தண்ணீர் விடுகிறார்கள். அதுதான் பிளாக் டேங்க் (கழிவறைக் கழிவுத் தொட்டி) அடைக்கக் காரணம். திரவம் இல்லாமல் காகிதமும் கழிவும் குழாய்க்கு நேர் கீழே மேடு கட்டும், சென்சார் காலி டேங்கையும் மூன்றில் இரண்டு பங்கு என்று காட்டும். சேமிக்க வேண்டிய இடம் ஷவர். திறந்துவிட்டுக் குளித்தால் ஐந்து நிமிடத்தில் 8 முதல் 10 காலன் போகும். நனைந்து, நிறுத்தி, சோப்புப் போட்டு, மறுபடி திறந்தால் 3 காலன். 35 காலன் தொட்டி நான்கு பேருக்கு இரண்டு நாள் வருவது இப்படித்தான்.

காலி செய்யும் முறை: கையுறை போட்டு ஹோஸை வண்டியில் திருகி, மறுமுனையைக் குழியில் இறக்கி மேலே கனமாக எதையாவது வையுங்கள். கல் வைக்காத ஹோஸ் முதல் அழுத்தத்தில் துள்ளி வெளியே வரும். முதலில் பிளாக் வால்வு, முழுக்க ஒரே இழுப்பில். பாதி திறந்தால் வேகம் கிடைக்காது. சத்தம் ஓய்ந்ததும் மூடி, கழிவறை வழியாக ஐந்து காலன் விட்டு இன்னொரு முறை திறக்கவும். அதன் பிறகுதான் கிரே வால்வு (குளியல், பாத்திரத் தண்ணீர்த் தொட்டியுடையது), சோப்புத் தண்ணீர் ஹோஸைக் கழுவிக்கொண்டு போகும். கடைசியில் பிளாக் டேங்கில் இரண்டு காலன் தண்ணீரும் மருந்தும் விட்டு மூடவும். குடிநீர் ஹோஸ் டம்ப் ஸ்டேஷன் குழாயின் பக்கமே போகக் கூடாது.

டெவில்ஸ் டவர்

ரேபிட் சிட்டியிலிருந்து 110 மைல், வையோமிங்கில். போகும் வழியில் ஸ்பியர்ஃபிஷ் பள்ளத்தாக்கு, 14ஏ சாலை, அருவிகள், இரண்டு மணி நேரம். ஆகஸ்ட் முதல் பாதியில் மட்டும் இந்தப் பக்கம் வராதீர்கள். ஸ்டர்ஜிஸ் மோட்டார் சைக்கிள் விழாவுக்குச் சுற்றுவட்டார முகாம்கள் அத்தனையும் நிரம்பும், விலை ஏறும்.

டெவில்ஸ் டவர் என்ற இந்தப் பாறைக் கோபுரம் 1906இல் அறிவித்த நாட்டின் முதல் தேசிய நினைவிடம், அடியிலிருந்து உச்சி 867 அடி. பெல் ஃபூர்ஷ் ஆற்று முகாமில் 46 இடங்கள், முன்பதிவு இல்லை, முதலில் வருபவருக்கு முதலிடம். கோடையில் மதியத்துக்குள் வந்துவிடுங்கள். மின்சாரமும் டம்ப் ஸ்டேஷனும் இல்லை, குடிநீர் உண்டு. காட்டன்வுட் மர நிழல் அருமை, ஆனால் காற்றடித்தால் கிளை முறியும் மரம் அது. நேர் கீழே நிறுத்த வேண்டாம். மேசையிலிருந்தே கோபுரம் முழுசாகத் தெரியும்.

மேலே வரவேற்பு மையத்தின் நிறுத்துமிடம் சிறியது, பத்து மணிக்கு மேல் ஆர்.வி.க்கு இடமே இராது. வண்டியை முகாமிலேயே விட்டுவிட்டு, பிரெய்ரி டாக் (புல்வெளி அணில் வகை) வளைகளைத் தாண்டிப் போகும் சவுத் சைடு பாதையில் நடந்து ஏறுவதே மேல். அடியைச் சுற்றிவரும் டவர் பாதை 1.3 மைல். மரங்களில் கட்டியிருக்கும் துணிகள் பழங்குடியினரின் வேண்டுதல்கள், தொடவோ நெருங்கிப் படமெடுக்கவோ கூடாது. ஜூனில் மலையேறிகளைத் தாங்களாகவே விலகியிருக்கும்படி பூங்கா கேட்டுக்கொள்வதும் அவர்களுக்காகத்தான்.

திரும்பும்போது ஐ-90இல் தெற்கு டகோட்டா எல்லைக்குள் 80 மைல் வேகம் அனுமதி. கிளாஸ் சி வண்டிக்கு அந்த எண் பொருந்தாது. பக்கக் காற்றில் 60, 62 தாண்டினால் ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும், மைலேஜும் காலனுக்கு 8க்குக் கீழே இறங்கும். வண்டியை ஒப்படைக்கும் முன் தொட்டிகளைக் காலி செய்ய ரேபிட் சிட்டியில் ஒரு மணி நேரம் ஒதுக்கி வையுங்கள். ஞாயிறு காலையில் வரிசை நீளம்.